55 நாள் தக்காளி: பூ கொட்டுது, காய் அடி கறுக்குது, இலை சுருளுது. எதை முதலில் கவனிப்பது?

தொட்டிச்செடி எழுதியது:

வணக்கம். வெட்டவெளியில் ஆறு தக்காளிச் செடிகள். 1 முதல் 4 வரை 20 லிட்டர் கறுப்பு குரோ பேக்கில், 5-ம் 6-ம் தரையில். எல்லாம் கொடி ரகம். நாற்று நட்டு 55 நாள் ஆகிறது, இடுப்புக்கு மேல் வளர்ந்துவிட்டன. காலை 7-லிருந்து மாலை 4 வரை நேர் வெயில். பகலில் 36 டிகிரி, இரவில் 25 டிகிரி. பேக்கில் மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் மூன்றும் சம பங்கு.

தண்ணீர்: தினமும் காலையில் செடிக்கு 1 லிட்டர். வார இறுதியில் இரண்டு மூன்று லிட்டர்.
உரம்: வாரம் ஒரு கைப்பிடி மண்புழு உரம், கூடவே 19:19:19 (நைட்ரஜன், பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றும் சமமாக உள்ள கரையும் உரம்), லிட்டருக்கு 5 கிராம், வாரம் ஒரு முறை வேரில்.

இனி சிக்கல்கள். பேக்கில் இருக்கும் நான்கிலும் பூ கொட்டுகிறது. முதல் கொத்தில் பிடித்த காய்களுக்கு அடிப்பக்கம் கறுத்துத் தோல் மாதிரி ஆகிவிட்டது. கீழ் இலைகள் குழாய் மாதிரி மேல்நோக்கிச் சுருண்டிருக்கின்றன, ஆனால் பச்சையாகத்தான் இருக்கின்றன. 3-ம் செடி மட்டும் தனி ரகம்: நுனி இலைகள் சுண்டு விரல் நகம் அளவுக்குச் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கிண்ணம் மாதிரி குழிந்திருக்கின்றன. மூன்று வாரமாக அது வளரவே இல்லை. தரையில் இருக்கும் இரண்டிலும் கீழ் இலைகளில் வட்ட வட்டமாகப் பழுப்புப் புள்ளி.

செய்தவை: எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), முட்டை ஓட்டுத் தூள், மோர், வேப்பெண்ணெய். எல்லாம் போன வாரத்தில். வேப்பெண்ணெய் காலை 11 மணிக்கு அடித்தேன். எதிலும் மாற்றம் இல்லை. கால்சியம் குறைவா, வைரஸா, பூஞ்சையா? எங்கே ஆரம்பிப்பது?

---

கரிசல் எழுதியது:

சகோ, ஒரே வாரத்துல நாலு மருந்து அடிச்சா எது கேட்டுச்சு, எது கெடுத்துச்சுன்னு செடிக்கே தெரியாது. முதல்ல எல்லாத்தையும் நிறுத்துங்க. அஞ்சு தனித்தனி விஷயத்தை ஒரே நோய்னு நினைச்சிருக்கீங்க.

3-ம் செடியை இன்னிக்கே எடுத்துடுங்க. நீங்க சொல்ற அடையாளம் இலைச்சுருட்டு வைரஸோடது. புது இலை சிறுக்கும், ஓரம் மஞ்சளாகும், மேல்நோக்கிக் குழியும், கணு இடைவெளி குறைஞ்சு நுனி புதர் மாதிரி ஆகும், செடி அப்படியே நின்னுடும். வெள்ளை ஈ மூலமா வர்றது. இதுக்கு மருந்தே கிடையாது. பக்கத்துல நல்ல செடி இருக்குறப்போ அதை வெச்சிருக்குறது வெள்ளை ஈக்கு அன்னதானம் போடுற மாதிரி. ஈ அந்தச் செடியில அரை மணி நேரம் சாறு உறிஞ்சினாலே போதும், ஒரு நாள் கழிச்சு அடுத்த செடிக்குக் கொண்டு போய்க் கொடுத்துடும்.

எடுக்குற விதம் முக்கியம். பகல்ல பிடுங்கி உதறினா ஈ மொத்தமும் பறந்து மத்த செடிக்குப் போயிடும். விடியக்காலையில, ஈ சோம்பலா இருக்குற நேரத்துல, ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை மேலேருந்து மாட்டி, அடியில கட்டி, அப்புறம் தண்டை வெட்டுங்க. பையோட நாலு நாள் வெயில்ல போட்டுட்டு அப்புறம் அப்புறப்படுத்துங்க.

கீழ் இலை பச்சையாவே குழாய் மாதிரி சுருள்றது வேற கதை. அது நோய் இல்லை. வெயிலும் தண்ணிப் பற்றாக்குறையும் சேர்ந்தா இலை தன்னை மூடிக்கும். தொட்டா தடிமனா, தோல் மாதிரி இருக்கும். காய்க்கு அதனால நஷ்டம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க: பழைய இலை சுருண்டா பெரும்பாலும் சூழல், புது இலை சுருண்டா வைரஸ், இல்லேன்னா பூச்சி.

பக்கக் கிளையெல்லாம் கிள்ளிட்டீங்களா? கிள்ளலைன்னா எல்லாத்தையும் எடுத்துடுங்க, செடிக்குப் பாரம் குறையும்.

---

வேரடிமண் எழுதியது:

அடி கறுப்பு பற்றி மட்டும் எழுதுகிறேன். இதைத்தான் எல்லோரும் தவறாகக் கையாளுகிறார்கள்.

இது கால்சியம் குறைபாடுதான், ஆனால் மண்ணில் அல்ல, காயில். மூன்றில் ஒரு பங்கு மண்புழு உரம் போட்ட கலவையில் கால்சியம் இல்லாமல் போக வாய்ப்பு மிகக் குறைவு. கால்சியம் செடிக்குள் தண்ணீரோடு மட்டுமே நகரும். இலை வழியாக நீர் ஆவியாகும் இழுப்பில் அது மேலே ஏறுகிறது. இலை ஏராளமாக ஆவி விடும். காயின் தோல் மெழுகு பூசியது மாதிரி, அதிலிருந்து ஆவியாவது மிகக் கொஞ்சம். ஆகவே செடி தாகத்தில் இருக்கும்போது வரும் கொஞ்சத் தண்ணீரையும் அதிலுள்ள கால்சியத்தையும் இலைகள் இழுத்துக்கொள்கின்றன. காயின் காம்பிலிருந்து மிகத் தொலைவில் இருப்பது அடிமுனை. அங்கே கால்சியம் எட்டாமல் செல் சுவர்கள் உடைந்து, முதலில் நீர் கோத்த மாதிரி ஒரு புள்ளி தெரியும், பிறகு அது கறுத்துத் தட்டையாகிறது.

இதிலிருந்து மூன்று விஷயங்கள் விளங்கும்.

ஒன்று, முட்டை ஓடு. அது கால்சியம் கார்பனேட். அமில மண்ணில் மெல்லக் கரையும், பி.எச். 7-ஐ ஒட்டிய நடுநிலை மண்ணில் கிட்டத்தட்டக் கரையவே கரையாது. இந்தப் பருவத்துச் செடிக்கு அது உதவப் போவதில்லை. போட்டதால் கெடுதலும் இல்லை, விட்டுவிடுங்கள்.

இரண்டு, இலைமேல் கால்சியம் தெளிப்பது. இலைக்குள் போன கால்சியம் அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. காசும் உழைப்பும் வீண்.

மூன்று, உங்கள் உரம். 19:19:19-ஐ லிட்டருக்கு 5 கிராம் வீதம் வாராவாரம் ஊற்றுவது அதிகம், அதுவும் வறண்ட பேக்கில். உப்பு சேர்ந்தால் வேர் தண்ணீர் எடுப்பதே கடினம். அதில் இருக்கும் அம்மோனிய நைட்ரஜனும் பொட்டாசியமும் வேரில் கால்சியத்தோடு போட்டி போடுகின்றன. பேக்கின் விளிம்பிலோ வடிகால் துளை ஓரத்திலோ வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் உப்பு ஏறிவிட்டது. எப்சம் உப்பு இதன்மேல் இன்னொரு சுமை, ஏனென்றால் மெக்னீசியமும் கால்சியத்துக்குப் போட்டியாளி. கீழ் இலையில் நரம்பு பச்சையாக இருந்து இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால்தான் எப்சம் தேவை. நீங்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

செய்ய வேண்டியது: கறுத்த காய்களைப் பறித்துவிடுங்கள், அவை தேறாது. ஒரு முறை பேக்கின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு, அதாவது ஏறக்குறைய 40 லிட்டர் வெறும் தண்ணீரை மெதுவாக, விட்டு விட்டு ஊற்றி உப்பை வடித்துவிடுங்கள். அதன் பிறகு 10 நாள் எந்த உரமும் வேண்டாம். மறுபடி தொடங்கும்போது 10 நாளைக்கு ஒரு முறை, லிட்டருக்கு 2 கிராமுக்கு மேல் போகாதீர்கள். அப்போதும் 19:19:19 வேண்டாம். காய் பிடிக்கும் கட்டத்தில் 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்) ஒரு முறை, அடுத்த முறை கால்சியம் நைட்ரேட் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கால்சியம் நைட்ரேட்டை எப்சம் உப்போடோ பாஸ்பேட் உள்ள உரத்தோடோ ஒரே வாளியில் கலக்கவே கூடாது. கலந்தால் அடியில் வெள்ளையாகப் படியும். அந்தப் படிவு செடிக்குப் பயன்படாது, பூவாளித் துளையையும் அடைக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் தண்ணீர். 36 டிகிரி வெயிலில் இடுப்புயரக் கொடித் தக்காளி ஒரு நாளைக்கு 2-லிருந்து 4 லிட்டர் வரை குடிக்கும். 1 லிட்டர் கொடுத்துவிட்டு வார இறுதியில் 3 லிட்டர் என்பது பட்டினியும் விருந்தும் மாறி மாறிப் போடுவது. அடி கறுப்புக்கு இதைவிடச் சிறந்த செய்முறை கிடையாது.

பொறுமை வேண்டும். சேதம் நடப்பது காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது, கண்ணுக்குத் தெரிவது பிறகு. இன்று எல்லாம் சரி செய்தாலும் இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் நல்ல காய் தெரியும். நடுவில் கறுத்த காய் இன்னும் சில வரும். பதறி மறுபடி ஏதாவது தெளித்துவிடாதீர்கள்.

---

பூவும்பிஞ்சும் எழுதியது:

பூ உதிர்வுக்கு வருவோம்.

உதிர்ந்த பூவை எடுத்துக் காம்பைப் பாருங்க. நடுவில் முட்டி மாதிரி ஒரு கணு இருக்கும். அந்த இடம் மஞ்சளாகி அங்கேயே கழன்றிருந்தால் மகரந்தச் சேர்க்கை நடக்காமல் செடியே கழற்றிவிட்டது என்று அர்த்தம். பூ கடிபட்டோ ஓட்டையாகவோ இருந்தால் புழுவைத் தேட வேண்டும்.

உங்கள் வெப்பநிலையைப் பார்த்தால் முதல் வகைதான். பகல் 32-ஐத் தாண்டினாலே தக்காளி மகரந்தம் கெட ஆரம்பிக்கும். அதைவிட இரவு வெப்பம் முக்கியம், 21-க்கு மேல் போனால் பிடிப்பு குறையும், 24-க்கு மேல் போனால் பெரிய காய் ரகங்கள் அனேகமாகப் பிடிக்காது. செர்ரி ரகங்கள் ஓரளவு தாங்கும். வெயில் அதிகமானால் சூல்முடி மகரந்தக் கூம்பைத் தாண்டி வெளியே நீண்டுவிடும். பூவை உற்றுப் பார்த்தால் மஞ்சள் கூம்பின் நுனியில் பச்சை ஊசி மாதிரி தெரியும். அப்படி நீண்ட பூவில் மகரந்தம் நல்லதாக இருந்தாலும் போய்ச் சேராது.

இன்னொன்று. மகரந்தம் கெடுவது பூ விரிந்த அன்று அல்ல, விரிவதற்கு ஏறக்குறைய 7 முதல் 15 நாள் முன்பு மொட்டுக்குள். ஆகவே இன்று கொட்டும் பூ போன வார வெயிலின் கணக்கு. வெயில் தணிந்த மறுநாளே காய் பிடிக்கவில்லையே என்று உரத்தைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம். பத்து நாள் காத்திருக்க வேண்டும்.

வெயிலைக் குறைக்க முடியாது, செடியின் மேல் விழுவதைக் குறைக்கலாம். 30 முதல் 35 சதவீத நிழல் வலை, காலை 11-லிருந்து மாலை 3 வரை மட்டும். கடையில் முதலில் கைக்கு வருவது 50 சதவீத வலையாக இருக்கும், தக்காளிக்கு அது இருட்டு, செடி நீண்டு மெலியும். வலை செடியின் தலையைத் தொடாமல் இரண்டு அடி உயரத்தில், பக்கவாட்டில் காற்று போகும்படி இருக்கட்டும். அதைவிட மலிவான வேலை ஒன்று உண்டு: கறுப்பு பேக்கைச் சுற்றி வெள்ளைத் துணியோ சாக்கோ கட்டுங்கள், மேற்குப் பக்கம் ஒரு பலகை சாய்த்து வையுங்கள். மாலை வெயிலில் கறுப்பு பேக்கின் ஓரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், அங்கே இருக்கும் மெல்லிய வேர்கள் வெந்துபோகும். மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடிக்க வேர் இருக்காது.

தக்காளிப் பூ தன் மகரந்தத்தாலேயே காய்ப்பது. ஆனால் மகரந்தம் ஒரு கூம்புக்குள் அடைபட்டிருக்கிறது, அதிர்வு இருந்தால்தான் கொட்டும். காற்றோ ரீங்கரிக்கும் வண்டோ அந்த வேலையைச் செய்யும். காற்று இல்லாத மூலையில் நீங்கள் செய்யுங்கள்: காலை 9-லிருந்து 11-க்குள், பனி உலர்ந்த பிறகு, பூங்கொத்தின் காம்பைப் பின்னாலிருந்து விரலால் நாலு தட்டு. மின் பல்துலக்கி இருந்தால் அதன் பின்பக்கத்தைக் காம்பில் இரண்டு மூன்று நொடி வைத்தால் இன்னும் நல்லது. பூவின் மேல் வைக்க வேண்டாம். ஈரப்பதம் மிக அதிகமான நாளில் மகரந்தம் கட்டியாகும், அன்று தட்டியும் பயனில்லை.

19:19:19 பற்றி வேரடிமண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நைட்ரஜன் அதிகமானாலும் செடி இலையாகவே ஓடும், பூவைக் கழற்றிவிடும். தண்டு கட்டை விரலை விடத் தடிமனாகி, இலை கரும்பச்சையாக, கீழ்நோக்கி நகம் மாதிரி வளைந்திருந்தால் அதுதான் விஷயம்.

---

கவாத்துக்கத்தி எழுதியது:

கரிசல் சொன்ன வைரஸ் விஷயத்தில் முழு உடன்பாடு. பக்கக் கிளை எல்லாத்தையும் எடுக்கச் சொன்னதில் இல்லை.

36 டிகிரி வெயிலில் ஒற்றைத் தண்டாக மொட்டை அடித்தால் காய் மேல் நேர் வெயில் விழும். காம்பை ஒட்டிய மேல்பக்கத்தில் வெள்ளையாக, காகிதம் மாதிரி வெந்த தழும்பு வரும், பிறகு அதில் பூஞ்சை ஏறும். வெயில் காலத்தில் இரண்டு தண்டு விடுவதே சரி. ஒன்று நடுத்தண்டு, இன்னொன்று முதல் பூங்கொத்துக்கு நேர் கீழே கிளம்பும் பக்கக் கிளை, அதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. மற்றதை 5 செ.மீ.-க்குள் இருக்கும்போது விரலால் கிள்ளினால் காயம் சின்னதாக இருக்கும், அரை நாளில் காய்ந்துவிடும். பென்சில் தடிமனாகிவிட்டதை இழுத்துப் பிய்க்காதீர்கள், நடுத்தண்டின் தோல் உரிந்து வரும். அதன் நுனியை மட்டும் வெட்டி, இரண்டு இலை விட்டுவிடுங்கள், காய்க்கு நிழலாக இருக்கட்டும். உலர்ந்த காலையில் செய்ய வேண்டும், மழை நாளில் கூடாது. குட்டை ரகம் வைத்திருக்கிறவர்கள் இதைப் படித்துக் கிள்ளிவிடாதீர்கள். அதில் ஒவ்வொரு கிளையும் நுனியில் பூத்து நின்றுவிடும், கிளையை எடுத்தால் விளைச்சலை எடுத்த மாதிரி.

இப்போது 5-ம் 6-ம் செடி. வட்டம் வட்டமாக, மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி, சுற்றிலும் மஞ்சள் விளிம்போடு, கீழ் இலையில் தொடங்கி மேலேறுகிறதா? அப்படியானால் முன் கருகல். மண்ணிலிருந்து தண்ணீர் தெறித்து ஏறும் பூஞ்சை. தரைச் செடியில் மட்டும் வந்திருப்பதும் அதனால்தான். மோர் இதற்குக் கேட்காது. சாம்பல் நோய்க்குப் பால், மோர் அடிப்பதில் அர்த்தம் உண்டு, கருகலுக்கு இல்லை.

தரையிலிருந்து 30 செ.மீ. உயரம் வரை இலைகளை எடுத்துவிடுங்கள், ஆனால் ஒரே நாளில் மொத்த இலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. எடுத்ததை அடியிலேயே போடாதீர்கள். பிறகு 5 முதல் 7 செ.மீ. கனத்துக்கு வைக்கோல் அல்லது காய்ந்த இலை மூடாக்கு, தண்டைத் தொடாமல் நாலு விரல் தள்ளி. தண்ணீரை இலையில் படாமல் வேரில் விடுங்கள். இவ்வளவிலேயே பாதி அடங்கும். அப்படியும் ஏறினால் காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற பூஞ்சைக்கொல்லி, லிட்டருக்கு 2.5 கிராம், பாக்கெட் சீட்டில் போட்டிருக்கும் இடைவெளியில். அது வராத இலையைக் காக்கும், வந்த புள்ளியை ஆற்றாது. தெளித்துவிட்டு "புள்ளி போகவில்லையே" என்று மறுநாளே மறுபடி அடிப்பதில் பயன் இல்லை. காய் பறிக்கக் காத்திருக்க வேண்டிய நாட்களும் அதே சீட்டில் இருக்கும், அதை மதியுங்கள்.

வளையமே இல்லாமல், பெரிய நீர் கோத்த கரும்பச்சைத் திட்டு, ஈரமான காலையில் இலையின் அடியில் வெண்பஞ்சு, தண்டிலும் கறுப்பு என்று தெரிந்தால் அது பின் கருகல். குளிர்ந்த ஈர வானிலையில்தான் அது பாயும், உங்கள் 36 டிகிரியில் இப்போது பயமில்லை. ஆனால் மழை இறங்கி வானம் மூடிய வாரத்தில் பார்த்தால் யோசிக்காமல் செடியோடு எடுத்துவிடுங்கள், நாலைந்து நாளில் தோட்டம் முழுக்கப் போய்விடும்.

வைக்கோல், சாண உரம் வெளியிலிருந்து வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் சில களைக்கொல்லிகள் புல்லில் தங்கி, மாடு தின்று, சாணத்திலும் வரும். அந்த உரம் போட்ட தக்காளியின் புது இலை பெரணி மாதிரி முறுக்கிக்கொள்ளும், பார்த்தால் வைரஸ் என்றே தோன்றும். சந்தேகம் இருந்தால் புது உரத்தை ஒரு சின்னத் தொட்டியில் கலந்து நாலு பீன்ஸ் விதை போடுங்கள். மூன்று வாரத்தில் இலை நேராக வந்தால் பயமில்லை.

வேப்பெண்ணெய் காலை 11-க்கு வேண்டவே வேண்டாம். எண்ணெய் படலத்தின் மேல் அந்த வெயில் விழுந்தால் இலை பொரிந்துவிடும். பாதிச் சுருளல் அதனாலும் இருக்கலாம். சூரியன் இறங்கிய பிறகு, லிட்டருக்கு 5 மி.லி. எண்ணெய். முதலில் தண்ணீரில் 1 முதல் 2 மி.லி. திரவ சோப்பைக் கலந்து, பிறகு எண்ணெயை ஊற்றிப் பால் மாதிரி வெளுக்கும் வரை கலக்க வேண்டும். மேலே எண்ணெய் மிதந்தால் தெளிக்காதீர்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும், வெள்ளை ஈயும் அதன் குஞ்சும் அங்கேதான். கலக்கியதை அன்றே தீர்த்துவிடுங்கள். கந்தகம் அடிக்கும் பழக்கம் இருந்தால் எண்ணெய்க்கும் அதற்கும் இரண்டு வாரம் இடைவெளி.

---

தொட்டிச்செடி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. 3-ம் செடியைக் கரிசல் சொன்ன மாதிரியே விடியற்காலையில் பை மாட்டி எடுத்துவிட்டேன். தரைச் செடிகளில் வளையம் இருக்கிறது, முன் கருகல்தான்.

உப்பை வடிக்க 1-ம் பேக்கில் தண்ணீர் ஊற்றினேன். ஊற்றிய அரை நிமிடத்திலேயே அடியில் வடிந்துவிட்டது. விரலை விட்டுப் பார்த்தால் இரண்டு அங்குலத்துக்குக் கீழே தூள் தூளாக வறண்டிருக்கிறது, பேக்கின் ஓரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. விளிம்பில் வெள்ளைப் படிவும் உண்டு. இப்படி வடிந்தால் எவ்வளவு ஊற்றினாலும் எப்படி நனையும்?

இன்னொரு சந்தேகம்: 3-ம் செடி இருந்த பேக்கின் மண்ணைத் திரும்பப் பயன்படுத்தலாமா, கொட்டிவிட வேண்டுமா?

---

வேரடிமண் எழுதியது:

உங்கள் எல்லாச் சிக்கலுக்கும் பாதி விடை அந்த ஒரு விரல் இடைவெளிதான். கோகோபீட் ஒரு முறை முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஒட்டவிடாது. ஊற்றுவது ஓரத்து இடைவெளி வழியாக ஓடிவிடும், அடியில் வடிவதைப் பார்த்து நாம் நிறைந்துவிட்டது என்று நினைப்போம். நடுக்கட்டி வறண்டே கிடக்கும். நீங்கள் கொடுத்த 1 லிட்டரில் வேருக்குப் போனது கால் லிட்டர்கூட இருக்காது.

மேலேயிருந்து ஊற்றி இதைச் சரி செய்ய முடியாது, அடியிலிருந்து ஊற வைக்க வேண்டும். அகலமான தொட்டியில் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர் வைத்து, பேக்கை உள்ளே இறக்கி 30 முதல் 45 நிமிடம் விடுங்கள். மேல்மண் கறுத்து ஈரம் தெரிந்தவுடன் எடுத்து முழுக்க வடியவிடுங்கள். மாலையில் செய்யுங்கள். இரவு முழுக்கத் தண்ணீரில் நிற்க விடக் கூடாது, வேர் மூச்சு முட்டி இலைகள் தொங்கும், அதைத் தாகம் என்று நினைத்து மறுபடி ஊற்றுவோம். செடியோடு பேக்கைத் தூக்க முடியாவிட்டால் மெல்லிய குச்சியால் மண்ணில் ஏழெட்டுத் துளை போட்டு, 10 நிமிட இடைவெளியில் அரை அரை லிட்டராக ஆறேழு தடவை ஊற்றுங்கள். முதல் தடவை மட்டும் 5 லிட்டருக்கு நாலைந்து சொட்டு திரவ சோப்பு சேர்த்தால் தண்ணீர் உள்ளே இறங்கும்.

நன்றாக ஊறிய பிறகு ஓரத்து இடைவெளியில் மண்புழு உரமும் மண்ணும் கலந்து விரலால் அழுத்தி நிரப்புங்கள். அதன் மறுநாள்தான் உப்பு வடிக்கும் 40 லிட்டர். வறண்ட கட்டியில் ஊற்றினால் உப்பு கரையாமல் தண்ணீர் மட்டும் போகும்.

இனித் தினசரி எவ்வளவு என்று லிட்டரில் கணக்கு வைக்காதீர்கள். வெயில் மாறும், செடி வளரும். முழுக்க நனைந்து வடிந்த பேக்கின் ஓரத்தை ஒரு முறை தூக்கிப் பார்த்து அந்தக் கனத்தைக் கைக்குப் பழக்குங்கள். காலையில் தூக்கும்போது லேசாக இருந்தால் அடியில் கொஞ்சம் வடியும் வரை ஊற்ற வேண்டும். இந்த வெயிலுக்குக் காலை ஒன்று, மாலை 4-க்கு மேல் ஒன்று என்று பிரிக்க வேண்டியிருக்கும். பேக்கிலும் 5 செ.மீ. மூடாக்கு போடுங்கள், தரைக்கு மட்டுமானது அல்ல அது.

மதியம் இலை தொங்குவதைப் பார்த்து ஓடாதீர்கள். மாலையில் நிமிர்ந்தால் வெப்பம் தாங்காமல் தொங்கியது, அவ்வளவுதான். காலையிலும் தொங்கினால்தான் கவலை. மண் ஈரமாக இருந்தும், இலை பச்சையாகவே இருந்தும் செடி திடீரென்று சரிந்தால் தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டித் தெளிந்த தண்ணீர் உள்ள கண்ணாடி டம்ளரில் நுனி மட்டும் முங்கும்படி பிடியுங்கள். சில நிமிடத்தில் பால் மாதிரி நூல் இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்த மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை எதுவும் பல வருடம் வேண்டாம்.

---

கரிசல் எழுதியது:

மண் கேள்விக்கு: கொட்ட வேண்டாம். இலைச்சுருட்டு வைரஸ் மண்ணுல தங்காது, உயிருள்ள செடியிலும் வெள்ளை ஈ உடம்புலயும்தான் இருக்கும். செடி போனா மண்ணுல அதுக்கு வேலை இல்லை.

ஆனா அந்த மண்ணைத் திரும்பப் பயன்படுத்துறதுக்கு முன்னாடி வேரைக் கழுவிப் பாருங்க. வேர்ல மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சா வீக்கம் இருந்தா நூற்புழு. பயறுச் செடி வேர்ல பக்கத்துல ஒட்டிக்கிட்டு, நகத்தால தட்டினா கழன்டு வர்ற உருண்டை நல்லது. இது அப்படி இல்லை, வேரே வீங்கியிருக்கும், கழட்ட வராது. முடிச்சு இருந்தா அந்த மண்ணை நனைச்சு, தட்டையா பரப்பி, கண்ணாடி மாதிரி தெளிவான பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, ஓரத்தை மண் போட்டு அடைச்சு, இந்த வெயில்ல 4-லிருந்து 6 வாரம் விடுங்க. கறுப்பு ஷீட் வேண்டாம், மேலதான் சூடாகும், உள்ள இறங்காது. 15 செ.மீ. கனத்துக்கு மேல பரப்பாதீங்க.

முடிச்சு இல்லைன்னா மூணுல ஒரு பங்கு புது மண்புழு உரம் சேர்த்து, தக்காளி குடும்பம் இல்லாத ஏதாவது ஒண்ணு, கீரையோ பீன்ஸோ போடுங்க. பேக்கைச் சுத்தி இருக்குற களையையும் பிடுங்கிடுங்க, வெள்ளை ஈ அடுத்த தக்காளி வர்ற வரைக்கும் அங்கதான் குடியிருக்கும். மீதி மூணு பேக்குக்கும் மஞ்சள் ஒட்டு அட்டை ஒண்ணொண்ணு, செடியோட நுனி உயரத்துல. செடி வளர வளர அட்டையையும் ஏத்திக் கட்டணும், இடுப்பு உயரத்துல கட்டி மறந்துட்டா அதுல தூசிதான் ஒட்டும். அட்டை ஈயை ஒழிக்காது, எவ்வளவு வருதுன்னு காட்டும். வாரத்துக்கு ரெண்டு தடவை எண்ணுங்க, எண்ணிக்கை ஏறுறப்போ மட்டும் வேப்பெண்ணெய் எடுங்க, அதுவும் சாயங்காலம்.

பக்கக் கிளை விஷயத்துல கவாத்துக்கத்தி சொன்னதுதான் சரி, வெயிலைக் கணக்குல எடுக்காம சொல்லிட்டேன். ரெண்டு தண்டு விடுங்க. ரெண்டாவது தண்டுக்குத் தனிக் குச்சி வேணும், அதை இப்போ பேக் நடுவுல குத்தினா வேர் அறுபடும். ஓரமா சாய்ச்சுக் குத்தி, மேல முதல் குச்சியோட சேர்த்துக் கட்டிடுங்க. செடியைக் கட்டுறப்போ எட்டு வடிவத்துல, தண்டுப் பக்கம் சுண்டு விரல் நுழையுற அளவுக்குத் தளர்வா.

---

தொட்டிச்செடி எழுதியது:

வேரில் முடிச்சு இல்லை. 1, 2, 4 மூன்றையும் மாலையில் ஊற வைத்தேன். 40 நிமிடத்தில் மேல்மண் கறுத்தது, ஒவ்வொன்றும் ஆறேழு லிட்டர் குடித்திருக்கும். காலையில் தூக்கிப் பார்த்தால் நேற்று இருந்ததைப் போல இரண்டு மடங்கு கனம். கீழ் இலைச் சுருள் அப்படியேதான் இருக்கிறது, அது விரியுமா?

---

வேரடிமண் எழுதியது:

சுருண்ட பழைய இலை பெரும்பாலும் விரியாது, தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும், எடுக்க வேண்டாம். இனி வரும் இலையைப் பாருங்கள். உப்பு வடிப்பதை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், வடியும் தண்ணீர் தரைச் செடிகள் பக்கம் ஓடாமல்.